கத்தியோடு வருபவன் சிறுவனாக இருந்தால்: புதுச்சேரியில் ஒரு தற்காப்புச் சட்ட வகுப்பு பற்றிய மதிப்புரை

புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் உள்ள ஒரு தனியார் பாதுகாப்புப் பயிற்சி நிலையம், துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்களுக்காகவும் இரவுக் காவலர்களுக்காகவும் ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்தும் முழுநாள் வகுப்பைப் பற்றி, கடலூர் சாலையில் பெட்ரோல் பங்க் நடத்துபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நகைக்கடை, அடகுக்கடை, மதுக்கடை, பெட்ரோல் பங்க் என்று இரவில் பணம் புழங்கும் இடங்களை நடத்துகிறவர்களும், அங்கே காவலுக்கு நிற்கிறவர்களும் இந்த வகுப்புக்குப் போகலாமா என்று கேட்டால், முற்பகலில் நடக்கும் சட்டப் பாடத்துக்காக மட்டுமே கூடக் கட்டாயம் போகலாம் என்பது என் பதில். பிற்பகல் செய்முறைப் பயிற்சியில் நல்லதும் உண்டு, உடனடியாகத் திருத்த வேண்டியதும் உண்டு.

எங்களுக்கு இந்த வகுப்பு தேவைப்பட்டதன் காரணத்தைச் சொல்லிவிட்டால், நான் எதை வைத்து இதை மதிப்பிடுகிறேன் என்பது விளங்கும். இரவு பதினொரு மணிக்கு மேல் எங்கள் பங்கில் பெட்ரோல் போடும் பையன்கள் இருவரும் ஒரு காசாளரும் ஒரு காவலரும்தான் இருப்பார்கள். காவலர் ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்; உரிமம் பெற்ற இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருக்கிறார். ஓர் இரவு ஒரே பைக்கில் மூன்று பேர் வந்து பெட்ரோல் போட்டுக்கொண்டு, பணம் கேட்டபோது பின்னால் இருந்தவன் சட்டைக்குள்ளிருந்து கத்தியை எடுத்துக் காட்டியிருக்கிறான். மீசைகூடச் சரியாக அரும்பாத பையன். காவலர் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கவில்லை. அவர்களும் யாரையும் தொடாமல் போய்விட்டார்கள். மறுநாள் பங்கில் இரண்டு கட்சி உண்டாகிவிட்டது. "கத்தி எடுத்தவனுக்கு வயசு என்ன வயசு? எங்க கழுத்துக்கு வந்திருந்தா?" என்று ஊழியர்கள் கேட்டார்கள். "என் பேரன் வயசு ஐயா, எப்படிச் சுடறது?" என்று காவலர் கேட்டார். இரண்டுமே நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் பதில் சொல்லத் தெரிந்தவர் எங்களில் யாரும் இல்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் காவலரையும் காசாளரையும் அழைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

சட்டப் பாடத்தை எடுப்பவர் குற்றவியல் வழக்குகள் நடத்தும் ஒரு பெண் வழக்கறிஞர். முன்னுரை எதுவும் இல்லாமல் நேராகக் கரும்பலகைக்குப் போனார். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது என்பதையும், தற்காப்பு உரிமை பற்றிய பழைய 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் இப்போது 34 முதல் 44 வரை உள்ளன என்பதையும் சொல்லிவிட்டு, 36, 37 ஆகிய இரண்டு எண்களை மட்டும் பெரிதாக எழுதினார். எங்கள் கேள்விக்கான பதில் ஏறத்தாழ முழுவதும் அந்த இரண்டு பிரிவுகளுக்குள் இருக்கிறது.

தாக்குபவனுடைய செயல் அவனுடைய இளமையாலோ, புரிந்துகொள்ளும் பக்குவம் இல்லாததாலோ, மனநலக் குறைவாலோ, போதையாலோ சட்டத்தின் கண்ணில் குற்றமாகாமல் போனாலும், அது குற்றமாக இருந்திருந்தால் தற்காத்துக்கொள்பவருக்கு என்ன உரிமை இருந்திருக்குமோ அதே உரிமை அவருக்கு உண்டு என்கிறது 36-ஆம் பிரிவு. இப்படி ஒரு பிரிவு ஏன் தேவைப்பட்டது என்பதை அவர் விளக்கிய விதம் அருமை. 7 வயதுக்குட்பட்ட குழந்தை செய்யும் எதுவும் குற்றமாகாது. 7 முதல் 12 வயதுக்குள் இருப்பவன் தன் செயலின் தன்மையையும் விளைவையும் உணரும் பக்குவம் இல்லாமல் செய்ததும் குற்றமாகாது. குற்றமே இல்லாத ஒன்றுக்கு எதிராகத் தற்காப்பு எங்கிருந்து வரும் என்று யாராவது வாதாடினால், அந்த வாதத்தை அடைப்பதற்காகவே இந்தப் பிரிவு இருக்கிறது. ஆகவே, எதிரில் நிற்பவனுக்குப் பதினாறா பதினெட்டா என்று கணக்குப் பார்க்க வேண்டிய கட்டாயம் கத்தியை எதிர்கொள்பவருக்கு இல்லை. அந்த இருட்டில் அது தெரியவும் தெரியாது.

காவலர் இதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் வழக்கறிஞர் அங்கே நிறுத்தவில்லை. தற்காப்புக்குத் தேவையான அளவைவிட அதிகமான தீங்கை விளைவிக்க எவருக்கும் உரிமை இல்லை, அரசு அதிகாரிகளின் பாதுகாப்பை நாட அவகாசம் இருக்கும்போது தற்காப்பு உரிமையே இல்லை என்று சொல்லும் 37-ஆம் பிரிவுக்கு வந்தார். இளமை உரிமையைக் குறைக்காது. ஆனால் தேவை எவ்வளவு என்று அளக்கும்போது எதிராளியின் உடல், பலம், கையில் இருக்கும் பொருள், கூட வந்தவர்களின் எண்ணிக்கை, இடைவெளி எல்லாம் கணக்கில் வரும், அங்கே இளமை தானாகவே உள்ளே வந்துவிடும் என்றார். பிளேடை நீட்டிக்கொண்டு நடுங்கும் 12 வயதுப் பையனை ஒரு நாற்காலியால் தள்ளி நிறுத்திவிட முடியும் என்கிறபோது அவனைச் சுட்டவர், தேவைக்கு மேல் செய்தவர் ஆகிறார். கைக்கெட்டும் தூரத்தில் அரிவாளைக் கழுத்துக்கு வீசும் 17 வயதுக்காரன் முன்னால், அந்த வயது எந்த வேறுபாட்டையும் உண்டாக்காது. நான் கேட்ட விளக்கங்களிலேயே தெளிவானது இதுதான். இதற்காகவே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

உயிரைப் பறிக்கும் அளவுக்கு உடல் தற்காப்பு எப்போது நீளலாம் என்பது 38-ஆம் பிரிவு. மரணம் நேரும் என்ற நியாயமான அச்சம், கொடுங்காயம் நேரும் என்ற அச்சம், பாலியல் வன்தாக்குதல், ஆள் கடத்தல், அதிகாரிகளை நாடி விடுபட முடியாதபடி அடைத்து வைப்பது, அமிலம் வீசுவது என்று அது சூழல்களை வரையறுக்கிறது. இவற்றில் எதுவும் இல்லாதபோது, மரணத்துக்குக் குறைவான தீங்கோடு நின்றுவிட வேண்டும். பணப் பை போய்விடுமே என்ற அச்சம் மட்டும் அந்தப் பட்டியலில் கிடையாது. சொத்துத் தற்காப்பைச் சொல்லும் 41-ஆம் பிரிவில் கொள்ளை இருக்கிறதே என்று கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து வந்திருந்த ஓர் அடகுக்கடைக்காரர் சரியாகவே கேட்டார். இருக்கிறது. ஆனால் கொள்ளைக்கு எதிரான உரிமை, உடனடி மரணம், காயம், தடுத்து வைப்பு ஆகியவற்றின் அச்சம் நீடிக்கும் வரையில்தான் நீடிக்கும் என்று 43-ஆம் பிரிவு எல்லை போட்டிருக்கிறது. பையைப் பறித்துக்கொண்டு முதுகைக் காட்டி ஓடுகிற பையனிடமிருந்து அந்த அச்சம் அவனோடு சேர்ந்தே ஓடிவிடுகிறது. அவனைத் துரத்திப் பிடிக்கலாம், பையைப் பிடுங்கலாம். முதுகில் சுட்டால் அதைத் தற்காப்பு என்று நீதிமன்றத்தில் நிறுவுவது மிகக் கடினம்.

ஒரே ஓர் இடத்தில் அவர் இன்னும் அதிக நேரம் எடுத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 44-ஆம் பிரிவுக்குச் சட்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு தரப்பட்டிருக்கிறது. ஒருவரைக் கொல்ல முயலும் கும்பல் அவரைத் தாக்குகிறது. கும்பலை நோக்கிச் சுடாமல் அவரால் தப்ப முடியாது. அந்தக் கும்பலோடு சிறு குழந்தைகளும் கலந்திருக்கிறார்கள். சுட்டதில் குழந்தைகளில் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தாலும் அவர் குற்றம் செய்தவராகமாட்டார். வழக்கறிஞர் இதைப் படித்து முடித்ததும், எங்கள் பின்வரிசையில் இருந்த ஒரு பைனான்ஸ் வசூல்காரர், "அப்ப கூட்டமா வந்தா சுடலாம்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. வழக்கறிஞர் புத்தகத்தை மூடாமல் அவரையே எழுந்து அதே பத்தியை உரக்கப் படிக்கச் சொன்னார். "கொல்ல முயலும்" என்பதையும் "வேறு வழியில்லாத" என்பதையும் அவர் வாயாலேயே இரண்டு முறை சொல்ல வைத்தார். அவர் படித்துவிட்டு உட்கார்ந்தார். ஆனால் அந்த வகுப்பில் அதே எண்ணத்தோடு, வாயைத் திறக்காமல் இருந்தவர்கள் வேறு சிலரும் இருந்திருப்பார்கள். சட்டத்தின் இந்தப் பகுதியைப் பாதி மட்டும் கேட்டுக்கொண்டு போகிறவர், எதுவுமே கேட்காமல் போகிறவரைவிட ஆபத்தானவர். அடுத்த அணிக்கு இந்த ஒரு பிரிவுக்காகத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்று நிலையத்தாரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நிரூபிக்கும் சுமை பற்றிய பகுதி சுருக்கமாகவும் சரியாகவும் இருந்தது. தற்காப்புக்காகச் செய்தேன் என்று நிறுவும் பொறுப்பு, சாட்சியச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 108-ஆம் பிரிவின்படி, அப்படிச் சொல்பவரையே சாரும். ஆனால் அரசுத் தரப்பைப் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிறுவ வேண்டியதில்லை, நடந்திருக்கக் கூடும் என்ற அளவுக்குக் காட்டினால் போதும் என்று உச்ச நீதிமன்றம் 1967-இல் முன்ஷி ராம் வழக்கில் சொல்லியிருக்கிறது. 2010-இல் தர்ஷன் சிங் வழக்கில் அதே நீதிமன்றம் தற்காப்பின் கோட்பாடுகளைத் தொகுத்துச் சொன்னபோது, உடனடி ஆபத்தில் இருப்பவர் தன் எதிர்த்தாக்குதலைத் தங்கத் தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்பதையும், இந்த உரிமை தடுப்பதற்கானதே தவிரப் பழிவாங்குவதற்கானது அல்ல என்பதையும் சேர்த்தே சொன்னது. நல்லெண்ணத்தோடு தற்காக்கத் தொடங்கி, எல்லையைத் தாண்டி, முன்கூட்டிய திட்டமின்றி உயிரைப் பறித்துவிட்டவருக்குக் கொலைக் குற்றம் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகக் குறையலாம். அதற்கும் ஆண்டுக்கணக்கில் சிறை உண்டு என்பதைக் காவலர்கள் மனத்தில் பதியும்படி அவர் சொன்னார்.

சிறார் நீதிச் சட்டம் பற்றி அவர் பேசியது, நான் எதிர்பாராத பயன். 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிறையாத எவரும் குழந்தையே. 16 வயது நிறைந்தவன் கொடிய குற்றம் செய்ததாகச் சொல்லப்பட்டால், அவனுடைய மனத்திறனையும் உடல்திறனையும் விளைவை உணரும் ஆற்றலையும் சிறார் நீதிக் குழுமம் முதற்கட்டமாக மதிப்பிட்டு, வயது வந்தவனைப் போல விசாரிக்க வேண்டுமா என்று முடிவு செய்யலாம். குறைந்தபட்சத் தண்டனையே ஏழாண்டு அல்லது அதற்கு மேல் உள்ளவை கொடிய குற்றங்கள்; கொல்லும் ஆயுதத்தைப் பயன்படுத்திக் கொள்ளையடிப்பது அந்த வரிசையில் வருகிறது. "சின்னப் பையன் என்றால் போலீஸ் விட்டுவிடும், நாம்தான் பாடம் புகட்ட வேண்டும்" என்று கடைத்தெருவில் சொல்கிறவர்கள் இதைக் கேட்டிருக்க வேண்டும். குழந்தைகளைக் குற்றத்துக்கு அனுப்பும் பெரியவர்களுக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்க 83-ஆம் பிரிவு இடம் தருகிறது. கத்தியோடு நிற்கும் பையனுக்குப் பின்னால் சாலையோரத்தில் பைக்கை அணைக்காமல் வைத்துக்கொண்டு யார் காத்திருக்கிறார் என்று பார்த்து வைத்துக்கொள்வதும் அடையாளம் சொல்வதும் தோட்டாவைவிடப் பயனுள்ளவை என்று வழக்கறிஞர் சொன்னது என் மனத்தில் நின்றது.

அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவை வணிகர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். குற்றத்தில் சிக்கிய குழந்தையின் பெயர், முகவரி, படம் என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது ஆறு மாதம் வரை சிறைக்கோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கோ உரிய குற்றம். கண்காணிப்புக் கேமராப் பதிவை வியாபாரிகள் சங்க வாட்ஸ்அப் குழுவில் "இவனைப் பார்த்தால் பிடியுங்கள்" என்று போடும் பழக்கம் நம் பகுதியில் பரவலாக இருக்கிறது. பதிவைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும். குழுவில் போடக் கூடாது.

தேநீருக்குப் பிறகு வெளிநாட்டு வழக்குகள். இவற்றை வகுப்பில் சேர்த்தது யாருடைய யோசனையோ, அவரைப் பாராட்டுகிறேன். 1992 அக்டோபரில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பேட்டன் ரூஜ் நகரில், படிக்க வந்திருந்த 16 வயது ஜப்பானிய மாணவன் யோஷிஹிரோ ஹட்டோரி, ஹாலோவீன் விருந்துக்குப் போகிற வழியில் வீட்டைத் தவறாக அடையாளம் கண்டு வேறொரு வீட்டு வாசலுக்குப் போனான். வீட்டுக்காரர் துப்பாக்கியோடு வெளியே வந்து நிற்கச் சொல்லிக் கத்தினார். கையில் கேமராவோடு அவரை நோக்கி நகர்ந்த பையனைச் சுட்டுக் கொன்றார். குற்றவியல் வழக்கில் ஜூரி அவரை விடுவித்தது. பின்னர் உரிமையியல் நீதிமன்றம் 6,50,000 டாலருக்கும் மேல் இழப்பீடு தரச் சொன்னது. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் 1999 ஆகஸ்டில், இரவில் தன் பண்ணை வீட்டுக்குள் புகுந்தவர்களை டோனி மார்ட்டின் என்ற விவசாயி சுட்டதில், முதுகில் குண்டு பாய்ந்து ஒரு 16 வயதுச் சிறுவன் இறந்தான். 2000-இல் கொலைக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை. மறு ஆண்டு மேல்முறையீட்டில், தற்காப்பு என்ற வாதத்தை ஏற்காமல், அவருடைய மனநிலையைக் கருத்தில் கொண்டு குற்றத்தின் தரத்தைக் குறைத்து ஐந்தாண்டு ஆக்கினார்கள். முன்னவன் எந்தத் தீங்கும் நினைக்காதவன். பின்னவன் திருட வந்தவன். இருவருக்கும் வயது 16. இருவர் விஷயத்திலும் சுட்டவர் நிற்க வேண்டிய இடம் எது என்று வகுப்பைக் கேட்டபோது நடந்த விவாதம், அந்த நாளின் மிகச் சிறந்த பகுதி.

நியூயார்க் சுரங்க ரயிலில் 1984-இல் நான்கு இளைஞர்களைச் சுட்ட பெர்ன்ஹார்ட் கெட்ஸ் வழக்கையும் தொட்டுச் சென்றார். ஆபத்து என்று சுட்டவர் மனதார நம்பினால் மட்டும் போதாது, அந்த நம்பிக்கை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று 1986-இல் அந்த மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் சொன்னது, நம் சட்டத்தில் உள்ள "நியாயமான அச்சம்" என்பதோடு அப்படியே பொருந்துகிறது.

மதியச் சாப்பாடு எளிமையாக, வயிற்றுக்கு ஏற்றதாக இருந்தது.

பிற்பகல் செய்முறைப் பயிற்சியை நடத்துபவர் காவல் துறையில் உதவி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கூடத்தின் சிமெண்டுத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, ஒரு கோட்டில் மரத் துப்பாக்கியைத் தோளில் மாட்டிய காவலரையும், இருபத்தோரு அடி தள்ளி இன்னொரு கோட்டில் ரப்பர் கத்தியோடு ஒரு கல்லூரி மாணவனையும் நிற்க வைத்தார். கத்தியின் ரப்பர் முனையில் ஈரக் குங்குமம் தடவியிருந்தது. விசில் ஊதியதும் மாணவன் ஓடி வந்தான். எங்கள் காவலரின் கை தோள்வாரைத் தொட்டு, கட்டையைப் பிடித்து, குழலை முன்னால் கொண்டுவருவதற்குள் அவருடைய வெள்ளைச் சட்டையின் மார்புப் பக்கத்தில் பொத்தானுக்கு மேலே குறுக்கே ஒரு சிவப்புக் கோடு விழுந்துவிட்டது. அவர் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். தோளில் தொங்கும் நீளத் துப்பாக்கி, பக்கத்தில் வந்துவிட்ட கத்திக்கு முன்னால் எவ்வளவு பயனற்றது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

ஆனால் இதிலிருந்து பயிற்சியாளர் எடுத்த முடிவை நான் ஏற்கவில்லை. இந்தச் சோதனை, அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி காவல் துறையைச் சேர்ந்த டென்னிஸ் டியூலர் 1983-இல் எழுதியதிலிருந்து வந்தது. கத்தியோடு ஓடி வருபவர் இருபத்தோரு அடியை ஏறத்தாழ ஒன்றரை வினாடியில் கடந்துவிடுவார் என்பது அவர் காட்டியது. எச்சரிக்கையாக இருக்க வேண்டிய தூரத்தைப் பற்றிய பாடம் அது. எங்கள் பயிற்சியாளரோ, "இருபத்தோரு அடிக்குள்ளே கத்தி வந்தா முடிவு எடுத்துடணும், வயசு பார்க்காதே" என்று அதைச் சுடுவதற்கான விதியாகவே சொல்லிவிட்டார். முற்பகலில் ஒருவர் பொறுமையாகக் கட்டியதைப் பிற்பகலில் மற்றவர் ஒரே வாக்கியத்தில் கலைத்துவிட்டதாக எனக்குப் பட்டது. ஒரு பையன் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு இருபது அடியில் நிற்பதும், அதை ஓங்கிக்கொண்டு ஓடி வருவதும் 38-ஆம் பிரிவின் முன்னால் ஒன்றல்ல. இடையில் கண்ணாடிக் கதவு இருக்கிறதா, மேசை இருக்கிறதா, பின்னால் போக இடம் இருக்கிறதா என்பதெல்லாம் தேவையின் அளவை மாற்றும். ஓடித்தான் தப்ப வேண்டும் என்று நம் நீதிமன்றங்கள் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் ஒரு கதவைத் தாழிட்டு ஓர் உயிரையும் எடுக்காமல் தப்ப முடிந்திருக்கும் இடத்தில் சுட்டவரிடம், தேவை எங்கே இருந்தது என்று கேட்காமல் விடமாட்டார்கள்.

இன்னொன்றையும் கேட்டேன். பெட்ரோல் பங்கில் சுடலாமா? பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படரும். நிரப்பும் இடத்தைச் சுற்றித் தீப்பொறியே கூடாது என்று பலகை வைத்துவிட்டு, அதே இடத்தில் தோட்டா வெடிப்பது எங்கள் ஆட்களையும், வண்டியில் குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளரையும் எந்த நிலைக்குத் தள்ளும்? பயிற்சியாளர் யோசித்துவிட்டு, அதைப் பற்றி விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். நேர்மையான பதில்தான். ஆனால் புதுச்சேரியில் இத்தனை பங்குகள் இருக்கும்போது, காவலர்களுக்கு வகுப்பு நடத்துகிறவர்களிடம் இந்தக் கேள்விக்குப் பதில் தயாராக இருந்திருக்க வேண்டும்.

செய்முறையில் இரண்டாவது பயிற்சி மிக நன்றாக இருந்தது. விளக்குகளைக் குறைத்துவிட்டு, அதே மாணவன் இடுப்பிலிருந்து எதையாவது சட்டென்று உருவிக் காட்டுவான். எதிரில் நிற்பவர் உடனே "சுடு" அல்லது "நிறுத்து" என்று சொல்ல வேண்டும். ஒரு முறை கைபேசி, ஒரு முறை பைக் சாவிக்கொத்து, ஒரு முறை திருவிழாக் கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் துப்பாக்கி, ஒரு முறை கத்தி. கைபேசிக்கே பலர் "சுடு" என்றார்கள். எங்கள் காசாளர் சாவிக்கொத்துக்குச் சொன்னார். சொன்ன பிறகு அவர் முகம் வெளிறிவிட்டது. காலையில் கேட்ட ஹட்டோரியின் கேமரா அந்தக் கணத்தில் எல்லோருக்கும் புரிந்தது. முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்க்கப் பழகுவதற்கு இந்தப் பயிற்சியைப் போல வேறொன்று இல்லை. இதற்கு அரை மணி நேரமே தந்தது மிகக் குறைவு.

வகுப்பில் ஏறத்தாழ இல்லாமலே போனது பேச்சு. கத்தியோடு வரும் பதினாறு, பதினேழு வயதுப் பையன் பெரும்பாலும் தனியாக வருவதில்லை, நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் முன்னால் அவனை அசிங்கப்படுத்தினால் அவனுக்குப் பின்வாங்க இடமே இருக்காது. "பணம் வேண்டாம் தம்பி, வண்டியை எடுத்துக்கிட்டு போ" என்று சொல்லி வெளியேறும் வழியைத் திறந்து விடுவது, வயது வந்த கொள்ளைக்காரனிடம் பலிக்கிறதோ இல்லையோ, இந்த வயதில் பல நேரங்களில் பலிக்கும். எங்கள் பங்கில் அந்த இரவு யாருக்கும் கீறல் விழாமல் போனதற்கு, காவலர் குரலை உயர்த்தாமல் நின்றதும் ஒரு காரணம் என்று நம்புகிறேன். தற்காப்பின் தேவையையே இல்லாமல் ஆக்கும் இந்தத் திறனைக் கற்றுத் தராத எந்த ஆயுத வகுப்பும் முழுமையானது அல்ல. சிறார் இல்லங்களில் பணியாற்றிய ஆற்றுப்படுத்துநர் ஒருவரை அழைத்து ஒரு மணி நேரம் பேச வைத்தால், இந்தக் குறை தீரும்.

என்னை வருத்தப்படுத்தியது வாசலில் போட்டிருந்த விற்பனை மேசை. மிளகுத் தெளிப்பான், மடக்குத் தடி, மின்னதிர்ச்சிக் கருவி எல்லாம் அங்கே விற்கப்பட்டன. "சின்னப் பசங்களுக்கு இது போதும் சார்" என்று விற்பவர் மின்னதிர்ச்சிக் கருவியை எடுத்து நீட்டினார். யார் மீது எந்தச் சூழலில் எவ்வளவு பலத்தைப் பயன்படுத்தலாம் என்று காலை முழுவதும் படித்துவிட்டு வெளியே வருகிறவரிடம் இப்படிப் பேசுவது பாடத்தையே கெடுக்கிறது. சிறுவர்களுக்கென்று ஓர் ஆயுதம் கிடையாது. அவர்கள் மீது பயன்படுத்தினாலும் தேவை என்ன என்ற அதே கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். மூடிய காசாளர் அறைக்குள் மிளகுத் தெளிப்பானை அழுத்தினால் முதலில் கண் எரியப்போவது நமக்குத்தான் என்பதையும் அவர் சொல்லவில்லை. வகுப்பு நடக்கும் இடத்தில் இந்த வியாபாரத்தை நிறுத்திவிட வேண்டும்.

கையில் தந்த அச்சுக் குறிப்பிலும் திருத்தம் தேவை. சில பக்கங்களில் புதிய எண்கள், சில பக்கங்களில் பழைய எண்கள். கொடுங்காயத்தின் வரையறையில் பழைய சட்டத்தில் இருந்த இருபது நாள் வலி அப்படியே இருக்கிறது. புதிய சட்டத்தின் 116-ஆம் பிரிவில் அது பதினைந்து நாள். வழக்கறிஞர் வாயால் சரியாகச் சொன்னதைக் குறிப்பு தவறாகச் சொல்கிறது. பிறகு புரட்டிப் பார்ப்பவருக்கு மிஞ்சப்போவது குறிப்புதான்.

வகுப்புக்குப் பிறகு பங்கில் சில மாற்றங்கள் செய்தோம். இரவு வசூலைக் குறிப்பிட்ட தொகைக்கு மேல் கையில் வைக்காமல், காசாளராலும் திறக்க முடியாத பெட்டிக்குள் போட்டுவிடுகிறோம். அப்படி ஒரு பெட்டி இருப்பதை எழுதி ஒட்டியிருக்கிறோம். கேட்டால் கையில் உள்ளதைக் கொடுத்துவிடச் சொல்லி ஊழியர்களுக்கு எழுத்திலேயே தந்திருக்கிறேன். காவலர் இப்போது பம்புகளுக்கு நடுவே நிற்பதில்லை. கண்ணாடி அறைக்குள், உள்தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னால், எல்லோரும் ஓடிவந்து சேரக்கூடிய இடத்தில் இருக்கிறார். துப்பாக்கி அந்த அறையை விட்டு வெளியே வராது. அந்தக் கதவை உடைத்துக்கொண்டு கொல்ல வருகிறவன் எந்த வயதினனாக இருந்தாலும், அப்போது அவருக்கு உரிமை இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சுட நேர்ந்தால் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு 108-க்கும் 112-க்கும் அழைப்பது, காயம்பட்டவனின் இரத்தப்போக்கை நிறுத்த முயல்வது, தரையைக் கழுவாமல் விடுவது ஆகியவற்றையும் எழுதி ஒட்டியிருக்கிறோம். "இப்ப எனக்குத் தூக்கம் வருது ஐயா" என்று காவலர் சொன்னார்.

கட்டணம் ஒருவருக்கு 1,500 ரூபாய், சாப்பாடும் அச்சுக் குறிப்பும் அதில் அடக்கம். கடலூரிலிருந்து வருகிறவர்கள் புதிய பேருந்து நிலையத்தில் இறங்கி, விழுப்புரம் சாலையில் போகும் டெம்போவைப் பிடித்தால் போதும். காலை ஒன்பதரைக்குச் சரியாகத் தொடங்கிவிடுகிறார்கள். சட்டப் பாடத்தின் முதல் அரை மணி நேரத்தைத் தவறவிட்டால் மீதி முழுவதும் புரியாது என்பதால், தாமதமாகப் போகாதீர்கள். உரிமையாளர்கள் காவலரை மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிடாமல் தாங்களும் கூடவே உட்கார வேண்டும்; இரவில் என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளையைத் தருவது அவர்கள்தான், வழக்கு வந்தால் பக்கத்தில் நிற்க வேண்டியவர்களும் அவர்கள்தான். துப்பாக்கி சுடும் பயிற்சியை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இங்கே ஒன்றும் இல்லை. செய்முறைப் பாடமும் அச்சுக் குறிப்பும் திருத்தப்பட்டதாகத் தெரிந்தால், பம்ப் பையன்களையும் அடுத்த அணியில் அனுப்ப இருக்கிறேன்.